போர் போடும் முன் காரைக்கால் வரை போய்வாருங்கள்

'சம்பா அறுவடை முடியப் போகிறது. எங்காவது கூட்டிப்போகச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் வரை கடலோரமாகவே மூன்று நாள் போய்வர எப்படித் திட்டமிடுவது? பின்குறிப்பு: எங்கள் கொல்லையில் போர் தண்ணீர் இரண்டு வருடமாக உப்புக் கரிக்கிறது. இன்னும் 150 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார் போர் வண்டிக்காரர். இறக்கலாமா?'

பாகூர் கொம்யூனிலிருந்து வந்த கடிதம் இது. கேள்வி பயணத்தைப் பற்றியது, பின்குறிப்பு போரைப் பற்றியது. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். போர் வண்டிக்காரருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் முதலில் பயணத்தை முடியுங்கள். போகும் வழியெல்லாம் உங்கள் பின்குறிப்புக்குப் பதில் கிடக்கிறது.

நான் காரைக்காலில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். குடும்பம் வில்லியனூரில், வேலை காரைக்காலில் என்று வாராவாரம் பஸ் ஏறிப் பழகிய சாலை இது. அப்போது நான் பார்த்ததெல்லாம் முன் சீட்டின் முதுகைத்தான். நிறுத்தி நிறுத்திப் போனது பிறகுதான்.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து புதுவை வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் கூடவே வருவதுபோல, புதுவைக்குத் தெற்கே வராது. கடலூரைத் தாண்டினால் காரைக்கால் வரை முக்கியச் சாலை பெரும்பாலும் கடலைவிட்டு உள்ளேதான் போகிறது. காரணம் ஆறுகள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, நண்டலாறு, அரசலாறு என்று வரிசையாகக் கடலில் விழுகின்றன. முகத்துவாரத்தில் பாலம் கட்டுவது கடினம், அதனால் சாலை உள்ளே ஒதுங்கி ஆறு குறுகலாக இருக்கும் இடத்தில் கடக்கிறது. ஆக, உங்கள் பயணம் சீப்பு மாதிரி இருக்கும். சாலை சீப்பின் முதுகு. ஒவ்வொரு பல்லிலும் கிழக்கே இறங்கிக் கடலைப் பார்த்துவிட்டு ஏறி வரவேண்டும். நேராகப் போனால் புதுவையிலிருந்து காரைக்கால் ஏறக்குறைய 130 கி.மீ., நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பல் பல்லாக இறங்கினால் மூன்று நாளும் போதாது. நான்குவழிச் சாலை வந்த இடங்களில் ஊருக்குள் போகாமல் புறவழியாகவே போய்விடலாம். உங்களுக்கு அந்த அவசரம் வேண்டாம், பழைய சாலையிலேயே போங்கள்.

எப்போது போவது? ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டவே வேண்டாம். மார்கழியையும் நம்பாதீர்கள். 2011இல் தானே புயல் டிசம்பர் 30 அன்றுதான் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்து ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதையும், அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் வெயில். தை நடுவிலிருந்து மாசி முடியும் வரைதான் சரியான காலம். உங்களுக்கும் சம்பா முடிந்து நவரை வேலை முழுதாகப் பிடிக்காத இடைவெளி அது. டெல்டாவிலும் அப்போது ஒரு வயலில் அறுவடை, அடுத்த வயலில் வைக்கோல், அதற்கடுத்ததில் உளுந்து பச்சையாக எழுந்து நிற்கும்.

கிழமையும் முக்கியம். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டம் காரைக்கால் சாலைகளை நிறைத்துவிடும். தை அமாவாசை அன்று பூம்புகாரில் கால் வைக்க இடம் இருக்காது. செவ்வாய் காலை கிளம்பி வியாழன் முடியுங்கள். வேளாண் கல்லூரியும் அறிவியல் நிலையமும் திறந்திருக்கும் நாட்களாக இருக்கவேண்டும் என்பதும் ஒரு காரணம்.

கொண்டுபோக வேண்டியவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றதை வீட்டம்மா பார்த்துக்கொள்வார். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் ஐந்தாறு, ஒட்டுவதற்குத் தாள், ஒரு பேனா. முதல் பாட்டிலில் உங்கள் போர் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை கழுவி, வாய் வரை நிரப்பி மூடுங்கள். பெயர், சர்வே எண், போரின் ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். வழியில் எங்கெல்லாம் நான் சொல்கிறேனோ அங்கெல்லாம் ஒரு பாட்டில். தாள் ஒட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். நான் ஒருமுறை இப்படி ஏழெட்டு பாட்டில்களைத் தாள் ஒட்டாமல் டிக்கியில் வைத்துக்கொண்டு போக, ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். புதுவை வண்டி, டிக்கி நிறைய பாட்டில். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தார் காவலர். வாய்க்கால் தண்ணீர் என்றேன். வாய்க்கால் தண்ணீரை யாராவது காரில் கொண்டுபோவார்களா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீரைத் தவிர வேறு பாட்டில் எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? நடுவில் தமிழ்நாட்டு எல்லைக்குள் வெகு தூரம் போக வேண்டியிருக்கிறது. வாடகை வண்டி என்றால் தமிழ்நாட்டுக்குள் போக அனுமதிச் சீட்டு எடுத்திருக்கிறாரா என்று ஓட்டுநரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பயணத்தைக் கடலில் தொடங்காதீர்கள், மதகில் தொடங்குங்கள். வில்லியனூர்க்காரர்கள் கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் வந்துவிடலாம். அங்கிருந்து மேற்கே சொர்ணாவூர் அணைக்கட்டு வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். தென்பெண்ணையின் தண்ணீர் அங்கேதான் பங்காரு வாய்க்காலில் திரும்பிப் பாகூர் ஏரிக்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகள் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்வார்கள். பாகூரிலேயே பிறந்து வளர்ந்த பலர் அந்த அணைக்கட்டைப் பார்த்ததில்லை. தங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கே பிரிகிறது என்று பார்க்காமலே அறுபது வயது தாண்டியவர்களை எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கிப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் இங்கே இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நெல் விளையாத பூமியில் அப்படி ஒரு தானம் நடக்காது. 1752இல் வெள்ளைக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அடித்துக்கொண்ட இடமும் பாகூர்தான். மூலநாதர் கோயில் சுவர்க் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் காலை ஒன்பது மணி ஆகும்.

அடுத்தது மணப்பட்டுப் பக்கத்துக் கடற்கரை. சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். திரும்பி மேற்கே பாருங்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். உங்கள் போர் அந்த நடுவில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் போர் போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கதை இல்லை அது, உண்மைதான். நிலத்துக்கு அடியில் நன்னீர் அவ்வளவு அழுத்தத்தோடு கடலைத் தள்ளிக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மீதிப் பயணம் முழுக்க இது உதவும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் கடலோர மணல் நிலத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். நல்ல செய்தி போலத் தோன்றும். திருப்பிப் பாருங்கள். நீங்களும் பக்கத்துக் காணிக்காரரும் மாறி மாறி மோட்டார் போட்டு மேலே ஓர் அடியைக் குறைத்தால், நாளாக நாளாகக் கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரும். மேல் மட்டம் குறைகிறதென்று ஆழமாக இறக்குகிறவர், கீழிருந்து ஏறி வரும் உப்பை நோக்கித்தான் குழாயை இறக்குகிறார்.

கடலூருக்குள் நுழையும் முன் தென்பெண்ணைப் பாலம் வரும். ஆற்றின் தென்கரையோடு கிழக்கே தாழங்குடா பக்கம் போனால் முகத்துவாரத்தைப் பார்க்கலாம். தை மாசியில் ஆறு ஒடுங்கி, கடல் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு பாட்டில் பிடியுங்கள். மதியம் தேவனாம்பட்டினம். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்தபின் சில ஆண்டுகள் வெள்ளைக்காரர்கள் தென்னாட்டை ஆண்டது இங்கிருந்த புனித டேவிட் கோட்டையிலிருந்து. இன்று அங்கே பார்க்க அதிகம் மிச்சமில்லை. பிள்ளைகள் கடலில் கால் நனைக்கட்டும். கரும்பு போடுகிறவராக இருந்தால் கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம். கோ.சி. 671 வந்த நிலையம் அது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நேரத்தை வீணாக்காமல் போய்விடுங்கள். பரங்கிப்பேட்டையில் மட்டும் இறங்கலாம். வெள்ளாற்று முகத்தில் பழைய துறைமுக ஊர். 1781இல் ஹைதர் அலியின் படை சர் அயர் கூட்டின் படையோடு மோதிய இடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அங்கே இருக்கிறது. இரவு சிதம்பரத்தில் தங்குங்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லாத ஊர். கத்தரிக்காய் கொத்சு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் நாள் காலை பிச்சாவரம். இதில் என் அனுபவத்தைக் கேளுங்கள். முதல் முறை குடும்பத்தோடு போனபோது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் நின்று படகு ஏறும்போது நீர் வடிந்திருந்தது. ஒடுங்கிய கால்வாய்களுக்குள் போக முடியாது, அகலமான வழியில் ஒரு சுற்று என்று முடிந்துபோனது. ஏற்றநீர் பார்க்காமல் போனது என் தப்பு. வயலுக்கு முறைத் தண்ணீர் எப்போது என்று கேட்டுக்கொண்டு போகிறவர்கள் நாம், கடலுக்கும் முறை உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். முதல் நாள் மாலையே படகுத்துறையில் கேட்டுக்கொண்டு, காலை முதல் படகுகளில் ஏறப் பாருங்கள். வெயிலும் இருக்காது, பறவைகளும் இருக்கும்.

படகு துடுப்புப் படகாகவே இருக்கட்டும். சுரபுன்னை வேர்கள் வளைந்து இறங்கி இருபுறமும் கூடாரம் போட்டதுபோல இருக்கும் கால்வாய்களில் சத்தமில்லாமல் போவது தனி சுகம். படகுக்காரரிடம் வெண்கண்டல் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதன் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அது இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறது. சுரபுன்னையோ பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. ஒரே சேற்றில் நிற்கும் இரண்டு மரங்களுக்கு இரண்டு வழி. நம் நெல்லுக்கு இரண்டும் போதுமான அளவு தெரியாது. உங்கள் பயிரில் இலை நுனி கருகுவது அதனால்தான். இன்னொரு எச்சரிக்கை: தில்லை மரத்தைப் பிள்ளைகள் தொட வேண்டாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பிச்சாவரத்தில் ஓர் உழவர் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இங்கே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் உலர்ந்து, தொட்டிபோல உள்வாங்கியது. ஏற்றத்தில் வந்த கடல்நீர் வடியாமல் அந்தத் தொட்டியில் நின்று, காய்ந்து, உப்பு மேல் உப்பாக ஏறியது. கடலோடு பிறந்த மரங்களே முளைக்க முடியாத அளவு ஏறிவிட்டது. பிறகு வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன் முள் மாதிரி நடுவில் ஒரு கால்வாயும் இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்களும் வெட்டினார்கள். தண்ணீர் வந்து போக வழி கிடைத்தது, உப்பு கழுவிக்கொண்டு போனது, நட்ட கன்று பிடித்தது. மருந்து, உரம் எதுவும் இல்லை, வடிகால்தான் வேலை செய்தது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் பதிவு செய்ததும் இந்தப் பக்கத்து ஊர்களைப் பார்த்துத்தான்.

உழவர் உதவியகத்தில் நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கும் தவறு ஒன்று இதோடு சேர்ந்தது. நிலம் உப்புப் பூத்துவிட்டது, ஜிப்சம் கொடுங்கள் என்று வந்து நிற்பார்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. உவர் நிலத்துக்கு அது மருந்தில்லை. உவருக்கு வேண்டியது நல்ல தண்ணீரும், அந்தத் தண்ணீர் வடிந்து வெளியேற ஒரு வழியும். வெறுமனே பார்த்தால் இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும், மண்ணைச் சோதித்தால்தான் தெரியும். சில நிலத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சோதிக்காமல் ஜிப்சம் வாங்கிக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. வடிகால் தூர்ந்து கிடக்கும்போது கொட்டுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் கோபமும் வருகிறது.

சிதம்பரம் திரும்பிச் சாப்பிட்டுவிட்டுத் தெற்கே கொள்ளிடம் பாலம். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தக்கூடாது, மெதுவாகப் போங்கள். மேட்டூர் நிரம்பி வழியும் வருடத்தில் இந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வடிந்து சில மாதம் போனால் கடல் இதே ஆற்றில் பல கிலோமீட்டர் மேலேறி வருகிறது. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனதும் அதற்குத் துணை. கரையோர ஊர்களில் கைபம்புத் தண்ணீரே உப்பாகிப்போனதைக் கேட்டறியலாம். கிழக்கே பழையாறு மீன்பிடித் துறைமுகம் வரை இறங்கினால் கொள்ளிடத்தின் முகத்தைப் பார்க்கலாம். மீன் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி வழிக்கு ஐஸ் பெட்டி வேண்டும்.

இங்கிருந்து வழியெங்கும் வயல்களைக் கவனியுங்கள். அறுத்த தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். தனியாக உழுது விதைத்ததில்லை. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் விதையைத் தெளித்துவிடுகிறார்கள். பிறகு மிச்ச ஈரமும் பனியும்தான் அதற்குத் தண்ணீர். மோட்டார் சத்தம் இல்லாமல் ஒரு போகம். நவரை நெல்லுக்கு அந்தக் கரிக்கும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது உறைக்க வேண்டும். உளுந்துக்கு உப்பு நெல்லைவிட ஆகாது என்பது உண்மைதான். ஆனால் போர் தண்ணீரே வேண்டாமென்று விட்டுவிட்டால் அந்தக் கேள்வி பாதி குறைந்துபோகிறது. இறங்கி ஒருவரிடம் என்ன ரகம், எத்தனை கிலோ தெளித்தீர்கள் என்று கேளுங்கள். ஊரும் பயிரும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் டெல்டாக்காரர்கள் டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். இந்த நாட்களில் ராத்திரி வண்டி ஓட்டாதீர்கள். சாலையில் பாதி நெல் காயும், சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். அறுவடை இயந்திரம் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து போகும்.

சீர்காழி வழியாகப் பூம்புகார். நேராகக் கடற்கரைக்குப் போகாமல் மேலையூரில் இறங்குங்கள். காவிரிக்குக் குறுக்கே கடைசிக் கதவணை அங்கே இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, கடைமடை என்று நாம் சொல்லும் அந்தக் கடைசிப் படிக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளில் உழவர்கள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். கதவணையின் மேற்கில் தேங்கி நிற்கும் தண்ணீரையும் கிழக்கில் இருப்பதையும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டில். மேற்கே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் நான் மணப்பட்டில் சொன்ன கணக்கின் 'ஓர் அடி'. ஷட்டர் பாசனத்துக்கு மட்டும் நிற்கவில்லை, சுற்றுவட்டாரக் கிணறுகளின் அடியில் உப்பை அழுத்திப் பிடிக்கவும் நிற்கிறது.

அதன்பிறகு காவிரி கடலில் கலக்கும் இடத்துக்குப் போங்கள். பிள்ளைகள் ஆறு எங்கே என்று கேட்பார்கள். தலைக்காவிரியிலிருந்து வரும் அவ்வளவு பெரிய பெயர் இங்கே ஒரு வாய்க்கால் அகலத்தில் முடிகிறது. வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் போய்விடுகிறது, மீதி தஞ்சை மண்ணிலேயே வயல் வயலாகப் பிரிந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் வருவதில்லை. செலவழித்து முடிந்த ஆறு அது. சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட்டு, இரவு திருக்கடையூரில் தங்குங்கள். அறுபதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்களுக்காக ஊர் முழுக்க விடுதிகள். முகூர்த்த நாள் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மூன்றாம் நாள் விடியலில் தரங்கம்பாடி. சூரியன் எழும்போது டேன்ஸ்போர்க் கோட்டை மஞ்சளாகப் பூக்கும். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இங்கேதான். நீங்கள் பார்க்க வேண்டியது பக்கத்திலுள்ள மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டியது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மேலே இப்படி, கீழே எப்படி என்று நினைத்துக்கொண்டே ஒரு டீ குடியுங்கள்.

பொறையாறு தாண்டி நண்டலாற்றுப் பாலம் வந்தால் மறுபடி நம் மாநிலம். பெட்ரோல் போடாமல் வந்திருந்தால் இங்கே போட்டுக்கொள்ளலாம். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனிலுள்ள கீழூரில் புதுவைப் பிரதிநிதிகளும் காரைக்கால் பிரதிநிதிகளும் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள். அவர்கள் வந்த திசைக்கு எதிராக நீங்கள் வந்திருக்கிறீர்கள். கீழூர் நினைவிடத்தைப் பார்க்காத வில்லியனூர்க்காரர்கள் திரும்பியதும் பார்த்துவிடுங்கள், சைக்கிள் தூரம்தான்.

காரைக்காலில் அம்மையார் கோயில், கடற்கரை எல்லாம் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வயல்களுக்குள் போங்கள். நண்டலாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராயனாறு எல்லாம் தமிழ்நாட்டு வயல்களைத் தாண்டிக் கடைசியாக இங்கே வருகின்றன. 2018இல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கென்று உறுதி செய்த காவிரிப் பங்கு 7 டி.எம்.சி. அது காரைக்காலுக்கானது. ஏட்டில் இருப்பது மதகில் எப்போது வரும் என்பதுதான் இங்கே ஒவ்வொரு ஜூலையிலும் பேச்சு. ஏன் போர் போட்டுக்கொள்ளக்கூடாது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் வந்த புதிதில் கேட்டேன்.

அதற்குப் பதிலாக ஒருவர் என்னைத் தன் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கடலுக்கு அருகே மணற்பாங்கான நிலம். அவர் அப்பா காலத்துக் கிணறு ஆழம் குறைவு, தண்ணீர் இனிப்பு. போதவில்லையென்று அருகிலேயே போர் போட்டிருக்கிறார். உப்பு. இன்னும் இறக்கினால் சரியாகும் என்று சொன்னார்கள், இறக்கினார். அது முன்னதைவிட உப்பு. விட்டிருந்தாலாவது பரவாயில்லை, போட்ட காசுக்காக இறைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாம் வருடம் அப்பா காலத்துக் கிணறும் கரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் பார்க்கும்போது போர் குழாயின் வாயைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார், அதில் ஆடு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மூலையை வெட்டிப் பண்ணைக்குட்டை எடுத்திருந்தார். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில் அதை நிரப்பிக்கொள்வது, மழை நீரையும் அதிலேயே இறக்குவது. கிணறு பழையபடி ஆகச் சில மழைக்காலம் பிடித்தது என்று பிறகொரு நாள் சொன்னார். முழுதாக ஆகிவிட்டதா என்றேன். காபிக்கு ஆகும், சோற்றுக்கு ஆகும், வெறும் தண்ணீராகக் குடித்தால் தெரியும் என்றார்.

மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலோ உங்கள் தண்ணீர்க் கதையைச் சொல்லி, உப்பைத் தாங்கும் ரகம், தக்கைப்பூண்டு மடக்கி உழுவது எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சுற்றிப் பார்ப்பது உங்கள் விருப்பம். மாலையில் அரசலாறு கடலில் சேரும் இடத்தில் கடைசிப் பாட்டில்.

திரும்பும்போது எங்கும் நிற்காமல் வந்துவிடலாம். பாட்டில்களை வெயிலில் வைக்காமல் அடுத்த நாளே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்துதிறன் என்று ஓர் எண் எழுதித் தருவார்கள். பாசனத் தண்ணீர் 0.75க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 2.25ஐத் தாண்டினால் சாதாரணப் பயிருக்கு ஆகாது. கடல்நீர் 50 பக்கம் நிற்கும். தென்பெண்ணை முகத்திலும் மேலையூரிலும் பிடித்ததோடு உங்கள் போர் தண்ணீரை வைத்துப் பார்த்தால் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அந்தச் சீட்டோடு உதவியகத்துக்கு வாருங்கள். உப்பு கீழிருந்து ஏறுகிறதா, பக்கத்திலிருந்து வருகிறதா, அல்லது மேல் அடுக்கு உப்புநீர் பழுதான குழாய் வழியே கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் காரணமாக இருந்தால் குழாயைச் சரிசெய்தாலே போதும். எதுவானாலும் புதிதாகத் துளைக்க நிலத்தடி நீர் ஆணையத்தின் அனுமதி வேண்டும், அது இல்லாமல் வண்டி உள்ளே வரக்கூடாது.

அதுவரை போர் வண்டிக்காரரை மாசி கடைசி வரை பொறுக்கச் சொல்லுங்கள். அவருக்கு வேறு ஊரில் வேலை இருக்கும்.